வாசலில் கேட்கப்படும் வயது: வெளிநாடு செல்லும் இளையோருக்கான இரவு நேர வழிகாட்டி

யாழ்ப்பாணத்து வீடுகளில் ஒரு பிள்ளையின் வயதைக் கேட்டால், ‘பதினெட்டு நடக்குது’ என்ற பதிலே பெரும்பாலும் வரும். பதினேழு நிறைந்து பதினெட்டாவது ஆண்டு ஓடிக்கொண்டிருக்கிறது என்பது அதன் பொருள். வெளிநாட்டில் ஒரு கிளப்பின் வாசலில் நிற்கும் காவலருக்கு ஓடுகின்ற வயது பொருட்டே இல்லை. கடவுச்சீட்டில் உள்ள பிறந்த திகதியிலிருந்து நிறைந்த ஆண்டுகளை மட்டுமே அவர் எண்ணுவார், நாளை பிறந்தநாள் என்றாலும் இன்று இரவு உள்ளே விடமாட்டார். ஆகவே உயர்தரப் பரீட்சை முடிந்த கையோடு சின்னம்மா வீட்டுக்கோ மாமா வீட்டுக்கோ புறப்படும் பிள்ளை முதலில் செய்யவேண்டியது, பயணம் தொடங்கும் நாளிலும் முடியும் நாளிலும் தனக்கு எத்தனை வயது நிறைந்திருக்கும் என்று தாளில் எழுதிக்கொள்வதுதான். பயணத்தின் நடுவே பிறந்தநாள் வருமாயின், அந்தத் திகதிக்கு முன்னும் பின்னும் உங்களுக்குப் பொருந்தும் விதிகள் வேறாகலாம். மாலை நிகழ்ச்சிகளுக்கு நுழைவுச்சீட்டு எடுக்கும்போது அது தெரிந்திருக்க வேண்டும்.

குடிக்கச் சொல்லியோ குடிக்கவேண்டாமென்றோ இதை நான் எழுதவில்லை. இசை கேட்கவும் ஆடவும் நகரத்தின் இரவைப் பார்க்கவும் போகும் பிள்ளைகள், ஒரு சொட்டும் தொடாதவர்கள்கூட, வயதின் பெயரால் வாசலில் திருப்பி அனுப்பப்படுகிறார்கள். இலங்கையில் 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டப்படி மதுவும் புகையிலையும் 21 வயது நிறையாதவருக்கு விற்கப்படக்கூடாது. போயா தினங்களில் மதுக்கடைகளே பூட்டியிருக்கும். இதற்குப் பழகிய நாம், ‘வெளிநாட்டில் எல்லாம் பதினெட்டுத்தானே’ என்று பொதுவாக நினைத்துக்கொண்டு விமானம் ஏறுகிறோம். அந்த எண்ணத்தை முதலில் கழற்றி வைக்கவேண்டும்.

வயது எத்தனை என்ற ஒரே கேள்விக்குள் உண்மையில் நான்கு கேள்விகள் இருக்கின்றன. மதுவைக் காசு கொடுத்து வாங்குவதற்கு எத்தனை வயது, அதை அருந்துவதற்கு எத்தனை வயது, மது விற்கும் இடத்துக்குள் கால் வைப்பதற்கு எத்தனை வயது, குறித்த நேரத்துக்குப் பின் பெரியவர் துணையின்றி வெளியில் இருப்பதற்கு எத்தனை வயது என்பனவே அவை. இவை நான்கும் ஒரே எண்ணாக அமையும் நாடுகள் உண்டு, நான்கும் வேறுவேறாகும் நாடுகளும் உண்டு. இவற்றுக்கு மேல் கடைக்காரர் தானாக வைத்துக்கொள்ளும் விதி ஒன்றும் இருக்கும். சட்டம் 18 என்று சொன்னாலும் ‘எங்கள் கதவுக்குள் 21’ என்று எழுதிவைக்கும் உரிமை பல ஊர்களில் கிளப் நடத்துபவருக்கு உண்டு, அதனோடு வாதாடிப் பயனில்லை. போகும் ஊரைப் பற்றித் தேடும்போது ‘சட்டப்படி வயது’ என்று மட்டும் தேடாமல், இந்த நான்கையும் தனித்தனியே கேளுங்கள். பின் குறித்த இடத்தின் சொந்த விதியை அதன் இணையத்தளத்தில் பாருங்கள்.

பலாலியிலிருந்து சென்னைக்குப் பறப்பவர்களும் காங்கேசன்துறையில் கப்பல் ஏறி நாகபட்டினத்தில் இறங்குபவர்களும் இந்தியா முழுவதற்கும் ஒரே விதி என்று எண்ணவேண்டாம், அங்கே மாநிலத்துக்கு மாநிலம் எல்லை வேறு. தமிழ்நாட்டில் 21, கேரளத்தில் 2017 முதல் 23, டில்லியில் 25, கோவாவிலும் புதுச்சேரியிலும் 18. காரைக்கால் புதுச்சேரி ஆட்சிப்பகுதியைச் சேர்ந்தது என்பதால், நாகபட்டினத்தில் இறங்கி வடக்கே ஏறக்குறைய 20 கிலோமீற்றர் பேருந்தில் போனால் வயது எல்லை மூன்று ஆண்டு குறைந்துவிடுகிறது, இன்னும் கொஞ்சம் வடக்கே தரங்கம்பாடிக்குப் போனால் மறுபடியும் 21. பீகாரிலும் குஜராத்திலும் மதுவிலக்கு நடைமுறையில் இருக்கிறது. இந்திய விடுதிகள் வெளிநாட்டவர் தங்கும் விவரத்தை 24 மணித்தியாலத்துக்குள் அதிகாரிகளுக்குப் பதிய வேண்டியவை. ஆகவே நள்ளிரவில் போய் இறங்கினாலும் மூலக் கடவுச்சீட்டைக் கேட்பார்கள். காட்டுங்கள், பதிந்ததும் திருப்பி வாங்கிக்கொள்ளுங்கள்.

சிங்கப்பூரில் மதுவுக்கு 18, புகையிலைக்கு 2021 முதல் 21. ஆனால் அங்கே வயதைவிட மணிக்கூடுதான் பயணிகளை மாட்டவைக்கிறது. 2015ஆம் ஆண்டுச் சட்டப்படி இரவு 10.30 முதல் காலை 7 மணி வரை பொது இடத்தில் மது அருந்துவது குற்றம், வயது எத்தனையானாலும் சரி. நம்மவர்கள் விரும்பித் தங்கும் சிராங்கூன் வீதி வட்டாரத்தில், அதாவது வீரமாகாளியம்மன் கோயிலைச் சூழ்ந்த லிட்டில் இந்தியாவில், 2013 டிசம்பர் 8ஆம் திகதி நடந்த கலவரத்தின் பின் இந்த விதி இன்னும் இறுகியது: சனிக்கிழமை காலை 7 மணியிலிருந்து திங்கட்கிழமை காலை 7 மணி வரை அங்கே வெளியில் அருந்தவே கூடாது. கையில் பியர் தகரத்தோடு நண்பர்களுடன் நடைபாதையில் உட்கார்வது உங்களுக்கு வெறும் ஓய்வாகத் தெரியலாம், அங்குள்ள பொலிசுக்கு அப்படித் தெரியாது.

மலேசியாவில் முஸ்லிம் அல்லாதோருக்கான எல்லை 2017 டிசம்பர் 1 முதல் 18இலிருந்து 21 ஆகியது. பழைய பயணக் குறிப்புகளை நம்பிப் போகிறவர்கள் இதில்தான் தடுமாறுகிறார்கள். தாய்லாந்தில் 20, கிளப்பினுள் நுழையவும் அதே 20. நமது போயாவைப் போல அங்கும் குறித்த பௌத்தப் புனித நாட்களில் சாதாரணக் கடைகளில் மது விற்கமாட்டார்கள். டுபாயில் 21, அடுத்துள்ள சார்ஜாவில் மது விற்பனையே இல்லை. மொழிப் பாடசாலை வழியாக யப்பான் போகும் பிள்ளைகள் ஒன்றைக் கவனிக்கவேண்டும். அங்கே 2022 ஏப்ரலில் சட்டப்படி பெரியவராகும் வயது 20இலிருந்து 18 ஆகக் குறைக்கப்பட்டது, மதுவுக்கும் சிகரெட்டுக்கும் உரிய வயது மட்டும் 20இலேயே விடப்பட்டது. கையெழுத்திட்டு அறை வாடகைக்கு எடுக்கலாம், ஒரு பியர் வாங்க முடியாது.

ஐரோப்பாவைப் பற்றி விரிவாகச் சொல்லவேண்டும், ஏனெனில் நமது பிள்ளைகளில் பெரும் பங்கு அங்கேதான் போகிறது, அங்கேதான் விதியும் நுணுக்கமானது. பிரான்சில் 18 வயதுக்குக் குறைந்தவருக்கு மது விற்கக்கூடாது, அத்தோடு 16 வயது நிறையாதவர் பெரியவர் துணையின்றி மதுக்கூடத்துக்குள் இருக்கவும் கூடாது. சுவிஸில் பியருக்கும் வைனுக்கும் 16, விஸ்கி போன்றவற்றுக்கு 18, திச்சினோ மாநிலத்தில் மட்டும் எல்லாவற்றுக்கும் 18. பிரித்தானியாவில் 18 என்பது எளிதாகத் தோன்றும். ஆனால் 25 வயதுக்குக் குறைந்தவர் போலத் தெரியும் எவரிடமும் அத்தாட்சி கேட்பது அங்குள்ள கடைகளின் வழக்கம். 24 வயதுக்காரரை நிறுத்திக் கேட்டால் அது அவமதிப்பு ஆகாது, அப்படிக் கேட்பது அவர்களுடைய வேலை. 16, 17 வயதினர் பெரியவர் ஒருவருடன் மேசையில் உணவு உண்ணும்போது அப்பெரியவர் வாங்கிக் கொடுத்த பியரையோ வைனையோ அருந்தலாம், தாங்களே வாங்கமுடியாது. வாங்குவதற்கும் அருந்துவதற்கும் வயது வேறாகலாம் என்று மேலே சொன்னதற்கு இதுவே நல்ல உதாரணம்.

ஜேர்மனியின் இளையோர் பாதுகாப்புச் சட்டத்தை என் மருமகன், அதாவது என் அக்காவின் மகன், பட்டுத் தெரிந்துகொண்டான். அச்சட்டப்படி 16 நிறைந்தவர் பியரும் வைனும் வாங்கலாம், மற்றைய மதுவகைகளுக்கு 18. உணவகங்களிலும் மதுக்கூடங்களிலும் 16, 17 வயதினர் நள்ளிரவு 12 முதல் காலை 5 மணி வரை துணையின்றி இருக்கக்கூடாது; நடன நிகழ்ச்சிகளில் 12 மணிக்கு மேல் நிற்கக்கூடாது; 16 நிறையாதவர் நடன நிகழ்ச்சிக்குத் துணையின்றிப் போகவே முடியாது. படமாளிகைக்கும் இப்படி ஓர் எல்லை உண்டு: 14, 15 வயதினர் துணையின்றி வந்திருந்தால் படம் இரவு 10 மணிக்குள் முடியவேண்டும். துணை என்றால் பெற்றோர், அல்லது பெற்றோர் பொறுப்பை ஒப்படைத்த, 18 வயது நிறைந்த ஒருவர். அந்த ஒப்படைப்பை எழுதிய தாளை அங்கே பேச்சுவழக்கில் ‘முட்டிட்செட்டல்’ என்பார்கள், நமது தமிழில் சொன்னால் ‘அம்மாத் துண்டு’. பாடசாலைக்குப் பிந்திப் போகும்போது அம்மாவிடம் துண்டு வாங்கிய நமக்கு இந்தச் சொல்லை விளங்கிக்கொள்ளக் கடினமில்லை.

மருமகனுக்கு அப்போது 17. சின்னம்மாவின் மகனுக்கு 19. ஒரு கோடைகாலச் சனிக்கிழமை இரவு இருவரும் ஒரு நடன மண்டபத்துக்குப் போனார்கள். 18 நிறையாதவன் என்று தெரிய இவன் கையில் வேறு நிறக் கைப்பட்டி கட்டி உள்ளே விட்டார்கள். 11.45க்கு அந்த நிறப் பட்டிக்காரரை வாசலுக்கு அழைத்தபோது, அண்ணன்காரன் சின்னம்மா கையெழுத்திட்ட துண்டை நீட்டினான். வாசற்காவலர் அதை வாசித்துவிட்டு, கையெழுத்திட்டவர் இவனுடைய தாயா என்று கேட்டார். தாயின் தங்கை என்றதும் தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். யாழ்ப்பாணத்தில் அப்போது அதிகாலை 3.15. அக்காவை எழுப்பி, வெளிச்சம் போடச் சொல்லி, அவளுடைய அடையாள அட்டையைப் படமெடுத்து அனுப்பச் செய்தார்கள். தகடு ஒட்டிய பழைய அட்டை; சிங்களமும் தமிழுமாக எழுதிய அதைக் காவலர் கைப்பேசித் திரையில் இரண்டு விரலால் பெருப்பித்துப் பார்த்து, ஏற்க முடியாதென்று தலையை ஆட்டினார். பிள்ளைகள் கடைசி டிராம் பிடித்துச் சின்னம்மா வீட்டுக்கு வந்து, மிஞ்சிய புட்டைச் சாப்பிட்டுப் படுத்தார்கள். அக்காதான் விடியும்வரை நித்திரை கொள்ளவில்லை.

காவலர் செய்தது பிழையில்லை என்பதைப் பிறகுதான் நாங்கள் விளங்கிக்கொண்டோம். பிள்ளைக்கு அங்கே சோறு போட்டுக் கட்டில் கொடுப்பவர் சின்னம்மா என்றாலும், சட்டத்தின் பார்வையில் பொறுப்பை ஒப்படைக்க உரியவர்கள் யாழ்ப்பாணத்தில் இருக்கும் தாய் தகப்பன். ஆகவே 18 நிறையாத பிள்ளையை அனுப்புவோர், புறப்படுமுன்பே ஆங்கிலத்தில் ஒரு கடிதம் எழுதி, அதில் பிள்ளையின் பெயர், பிறந்த திகதி, கடவுச்சீட்டு இலக்கம், தங்கும் முகவரி, பயணத் திகதிகள், பொறுப்பை ஏற்கும் சின்னம்மாவின் பெயர், இரவு வெளியே கூட்டிச்செல்லக்கூடிய வயது வந்த ஒன்றுவிட்ட சகோதரரின் பெயர், தங்களுடைய தொலைபேசி இலக்கம் ஆகியவற்றைக் குறித்து, நொத்தாரிசு ஒருவர் முன்னிலையில் கையெழுத்திட்டுக் கொடுப்பது நல்லது. பெற்றோரின் அடையாள அட்டைப் பிரதியையும், சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளர் ஆங்கிலத்தில் பெயர்த்த பிறப்புச் சான்றிதழையும் அதனோடு இணையுங்கள். விமான நிலையத்திலும் இந்தக் கட்டு உதவும். அதைக் காட்டிய பின்னும் ஒரு கிளப் மறுக்கலாம். அது அவர்களுடைய விருப்பம். பொறுப்பேற்று வரும் அண்ணனோ அக்காவோ அன்றிரவு தெளிந்த நிலையில் இருக்கவேண்டும் என்பதையும் வீட்டில் சொல்லி அனுப்புங்கள்; தள்ளாடும் துணையைத் துணையாக எவரும் ஏற்கமாட்டார்கள்.

கனடாவில் மாகாணத்துக்கு ஒரு வயது. ஒன்ராறியோவில் 19 என்பதால் ஸ்காபரோவில் 18 வயதுப் பிள்ளை மேசையில் தண்ணீரோடுதான் இருக்கவேண்டும். அதே பிள்ளையைக் கூட்டிக்கொண்டு மாமா குடும்பம் மொன்றியலுக்குப் போனால், கியூபெக்கில் 18 போதும். அல்பேர்ட்டாவிலும் மனிற்றோபாவிலும் 18, ஏனைய மாகாணங்களில் 19. ஐக்கிய அமெரிக்காவில் 1984ஆம் ஆண்டுக் கூட்டாட்சிச் சட்டத்தின் விளைவாக எங்கும் 21. பல மதுக்கூடங்கள் 21க்குக் குறைந்தவரைக் கதவுக்குள்ளேயே விடுவதில்லை. 18 வயதினரை விடும் இசை மண்டபங்களில் சிலவற்றில் புறங்கையில் பெரிய பெருக்கல் குறி போட்டுவிடுவார்கள். அவுஸ்திரேலியா முழுவதும் 18.

இனி ஊரடங்கு. நமக்கு அந்தச் சொல் வேறு நினைவுகளைக் கொண்டுவரும். நாம் அறிந்த ஊரடங்கு வயது பார்க்காதது. 2020 மார்ச்சில் நோய்த்தொற்றுக்காகப் போட்டபோதும் கிழவரும் குழந்தையும் ஒன்றாகத்தான் வீட்டுக்குள் இருந்தோம். வெளிநாடுகளில் இளையோர் ஊரடங்கு என்பது அமைதியான நாளிலும் நடைமுறையில் இருப்பது, குறித்த வயதுக்குக் குறைந்தவருக்கு மட்டும் பொருந்துவது. ஒன்ராறியோச் சட்டப்படி, 16 நிறையாத பிள்ளை நள்ளிரவு 12 முதல் காலை 6 மணி வரை பெற்றோரோ அவர்கள் அனுமதித்த பெரியவரோ இல்லாமல் பொது இடத்தில் சுற்றித்திரியப் பெற்றோர் விடக்கூடாது. இங்கே பொறுப்புப் பிள்ளையிடம் இல்லை, பெற்றோரிடம் இருக்கிறது என்பதைக் கவனியுங்கள். தோக்கியோவின் ஒழுங்குவிதியும் இதே போக்கில், 18 நிறையாதவரை இரவு 11 முதல் காலை 4 மணி வரை தக்க காரணமின்றி வெளியே விடவேண்டாம் என்று பெற்றோரைப் பணிக்கிறது. அந்த நேரத்தில் கரோக்கே அறைகளும் அவர்களை ஏற்கமாட்டா. ஐஸ்லாந்தில் 12 வயது வரையிலான பிள்ளைகளுக்குக் குளிர்காலத்தில் இரவு 8 மணி, 13 முதல் 16 வரையானோருக்கு 10 மணி. சூரியன் மறைய மறுக்கும் கோடையில் இரண்டிலும் இரண்டு மணித்தியாலம் கூட்டித் தருகிறார்கள்.

இவற்றைவிட நழுவலானவை நகராட்சிகள் போடும் கட்டளைகள். பிரான்சில் சில நகரங்களின் மேயர்கள் கோடைமாதங்களுக்கென்றோ சில வட்டாரங்களுக்கென்றோ சிறுவர்களுக்கு இரவுத் தடை விதிப்பதுண்டு. பெசியே நகரில் 2024இல் 13 வயதுக்குக் குறைந்தோருக்கு மூன்று வட்டாரங்களில் இரவு 11 முதல் காலை 6 வரை தடை வந்தது. அமெரிக்காவில் நகரத்துக்கு நகரம் வேறு. டெக்சஸ் மாநிலமோ 2023இல் சட்டமியற்றி, நகரங்கள் இளையோர் ஊரடங்கு விதிப்பதையே தடுத்துவிட்டது. இத்தகைய கட்டளைகள் பருவத்தோடு வந்து பருவத்தோடு போவதால், போகும் மாதத்திலேயே அந்த நகராட்சியின் அறிவித்தலைப் பார்க்கவேண்டும். போன வருடம் போய்வந்த மச்சான் சொன்னது இந்த வருடத்துக்குச் செல்லாது. பல இளைஞர் விடுதிகள் 18 நிறையாதவரைப் பொது அறையில் தங்கவிடுவதில்லை, சில விடுதிகள் இரவில் கதவைப் பூட்டிவிடும் என்பதையும் பதிவு செய்யுமுன் வாசியுங்கள். உறவினர் வீட்டுக்கும் ஒரு மணி இருக்கும். அதை முதல் நாளே கேட்டுவிடுவது மரியாதை.

அத்தாட்சி என்றால் கடவுச்சீட்டுத்தான். பழைய தேசிய அடையாள அட்டை இலக்கத்தின் முதல் இரண்டு எண்களும் பிறந்த ஆண்டைச் சொல்லும் என்பது நமக்குத் தெரியும், கிளப் வாசலில் நிற்பவருக்குத் தெரியாது. கைப்பேசியில் உள்ள படத்தைப் பல இடங்களில் ஏற்கமாட்டார்கள். தேவையான இரவில் மட்டும் மூலத்தை உட்சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு போய், மற்ற நாட்களில் வீட்டில் பூட்டிவையுங்கள். ஆனால் யப்பானில் பயணிகள் கடவுச்சீட்டை எப்போதும் உடன் வைத்திருக்கவேண்டும் என்பது சட்டம். நுழைவுச்சீட்டை இணையத்தில் எடுக்கும்போது பிறந்த திகதியைக் கவனமாக நிரப்புங்கள். நாம் நாளை முதலில் எழுதுகிறோம், அமெரிக்கர் மாதத்தை முதலில் எழுதுவர். 5ஆம் மாதம் 11ஆம் திகதி பிறந்தவர் நவம்பர்க்காரராகி, வாசலில் ஆறு மாதம் இளையவராகிவிடலாம். ஒன்றுவிட்ட அண்ணனின் அட்டையைக் கடன் வாங்கிக்கொண்டு போகும் யோசனையை அறவே விடுங்கள். அங்கே பிறந்த பிள்ளை அதனால் ஒரு தண்டப்பணத்தோடு தப்பலாம், வீசாவில் வந்த நீங்கள் அடுத்த வீசாவையும் சேர்த்து இழக்க நேரிடலாம்.

வீடு திரும்பும் வழியைப் போகும்போதே முடிவு செய்யுங்கள், ஏனெனில் வயது எல்லையால் நள்ளிரவில் வெளியேற்றப்படுபவர் தெருவில் தனித்து நிற்கும் நேரம்தான் உண்மையில் ஆபத்தானது. பாரிஸில் மெற்றோ வார நாட்களில் ஏறக்குறைய 1.15க்கும், வெள்ளி சனி இரவுகளில் 2.15க்கும் ஓய்ந்துவிடும், லா சப்பலில் நிற்பவர் அதற்குமுன் இரண்டாம் இலக்கத் தடத்தைப் பிடிக்கவேண்டும். இலண்டனில் வெள்ளி சனி இரவுகளில் ஐந்து நிலக்கீழ்த் தடங்கள் விடியவிடிய ஓடும். உங்கள் மாமி வீடு அந்த ஐந்தில் ஒன்றில் இருக்கிறதா என்று பாருங்கள். ரொறன்ரோவில் சுரங்கத் தொடருந்து நின்றபின் இரவுப் பேருந்துகள் உண்டு.

பொலிஸ் நிறுத்தினால் ஓடவேண்டாம், பொய் வயது சொல்லவேண்டாம், கடவுச்சீட்டையும் கடிதத்தையும் காட்டித் தங்கியிருக்கும் வீட்டின் தொலைபேசி இலக்கத்தைக் கொடுங்கள். அந்த இலக்கத்தைக் கைப்பேசியில் மட்டும் வைத்திருக்காமல் ஒரு துண்டிலும் எழுதி வைத்திருங்கள், நடுச்சாமத்தில் மின்கலம் இறந்துவிடும். அவசரத்துக்கு ஐரோப்பிய நாடுகளிலும் இந்தியாவிலும் 112, பிரித்தானியாவிலும் சிங்கப்பூரிலும் 999, கனடாவிலும் அமெரிக்காவிலும் 911. தாய்லாந்தில் சுற்றுலாப் பொலிசுக்கு 1155.

என் மருமகனுக்கு இப்போது 18 நிறைந்துவிட்டது. நல்லூர்த் திருவிழாவுக்கு வந்த பெரியப்பா அவனை அடுத்த கோடைக்கு நோர்வே அழைத்திருக்கிறார். அங்கே பியருக்கும் வைனுக்கும் 18, அவற்றைவிடக் கடுமையான மதுவகைகளுக்கு 20, பல மதுக்கூடங்கள் தம் சொந்த விதியாக வயது எல்லையை அதற்கும் மேல் வைத்திருக்கின்றன. அக்கா இம்முறை கைப்பேசியைச் சத்தம் இல்லாமல் வைத்துவிட்டுப் படுக்கப்போவதாகச் சொல்கிறாள்.